வெம்பிப் பழுத்த முட்டைகள்

டெல்லியிலிருந்து கர்னாலுக்குச் சுமார் 125 கிலோமீட்டர். வடக்கே ஜி.டி. ரோடு என்று சொல்லும் பழைய நெடுஞ்சாலை. 1980களின் பிற்பகுதியில் அந்தச் சாலையில் ஒரு தெர்மாஸ் குடுவை அடிக்கடி பயணம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே டீ இல்லை. வெதுவெதுப்பான உப்புநீர், அதில் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக், அடியில் எருமைகளின் சினைப்பைகள். அன்று டெல்லி இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பட்ட எருமைகளுடையவை. தோலுக்கு விலை உண்டு, கொம்புக்கு விலை உண்டு, குடலுக்குக்கூட ஆள் உண்டு. இதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு குழு இதற்காகத்தான் காத்திருந்தது.

1990இல் அந்தக் குழு உலகின் முதல் ‘சோதனைக்குழாய்’ எருமைக் கன்றைப் பிறக்கவைத்தது. பெயர் ‘பிரதம்’, அதாவது முதலாவது. மோதிலால் மதன், எஸ்.கே. சிங்லா முதலானோர் செய்த வேலை. மதனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது கன்றைப் பற்றி அல்ல. குடுவை கர்னாலுக்கு வந்து சேர்ந்ததற்கும், முட்டையோடு விந்தணுவைச் சேர்ப்பதற்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. சுமார் 24 மணி நேரம். அந்த ஒரு நாளில் முட்டை முதிர வேண்டும். அந்த ஒரு நாளைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறது. இன்னும் முடிந்தபாடில்லை.

கால்நடை இனவிருத்தியின் வரலாற்றைப் பெரும்பாலும் ஆண் பக்கத்திலிருந்தே எழுதியிருக்கிறார்கள். 1949இல் இங்கிலாந்தில் கிளிசராலைச் சேர்த்து விந்தணுவை உறையவைக்கலாம் என்று கண்டுபிடித்ததிலிருந்து நம்மூர் சினை ஊசி வரைக்கும் எல்லாம் காளையின் கதைதான். காளைக்குப் பெயர் உண்டு, வம்சாவளி அட்டவணை உண்டு, கால்நடைச் சந்தையில் ஆளுயரப் படம்கூட உண்டு. முட்டையின் கதை அதைவிடக் கடினமானது, அதனாலேயே சுவாரசியமானதும்கூட. விந்தணு உடலைவிட்டு வெளியே வருவதற்கென்றே உண்டானது. முட்டை அப்படியா?

ஒரு கிடாரிக் கன்று பிறக்கும்போதே அதன் வாழ்நாளுக்கான முட்டைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. எல்லாம் பாதியில் நிறுத்திவைத்த நிலையில். குரோமோசோம்களைப் பாதியாகக் குறைக்கும் செல் பிரிவு தொடங்கி, நடுவழியில் உறைந்துபோய், வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். கன்று வளர்ந்து பருவத்துக்கு வந்தபின், ஒவ்வொரு பருவத்திலும் மூளையடியிலிருந்து எல்.எச். என்கிற ஹார்மோன் அலை வரும். அப்போது ஒரே ஒரு முட்டை விழித்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். பசுவுக்கு அந்த அலைக்கும் முட்டை வெளிவருவதற்கும் நடுவில் ஒரு நாளுக்குச் சற்று மேல். அதற்குள் முட்டை தயாராகிவிட வேண்டும்.

பாலூட்டிக்கு முட்டை உண்டு என்று கண்ணால் பார்த்துச் சொன்னதே 1827இல்தான். கோனிக்ஸ்பெர்க்கில் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் ஒரு பெண் நாயின் சினைப்பையில் பார்த்தார். நூறு வருஷம் கழித்து கிரகரி பின்கஸ் வருகிறார். கருத்தடை மாத்திரையின் தந்தை என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற அதே பின்கஸ். 1930களில் அவர் ஹார்வர்டில் முயல் முட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1935இல் என்ஸ்மனோடு சேர்ந்து அவர் கவனித்தது எளிய விஷயம். முட்டை வளரும் நீர்ப்பையைத்தான் ஃபாலிக்கிள் என்கிறோம். அதிலிருந்து முட்டையை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தால் போதும். ஹார்மோன் எதுவும் வேண்டாம், அது தானாகவே விழித்துக்கொண்டு பிரியத் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் முட்டையை எழுப்ப எதுவும் தேவையில்லை, அதைத் தூங்கவைக்கத்தான் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. அந்த ஏதோ ஒன்று ஃபாலிக்கிளுக்குள் இருக்கிறது என்றார். அன்றைய பத்திரிகைகள் அவரைத் தொழிற்சாலையில் மனிதர்களை உற்பத்தி செய்யப்போகிற ஆள் போலச் சித்தரித்தன. ஹார்வர்ட் அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. பின்கஸ் வுஸ்டருக்குப் போனார்.

அங்கே 1945இல் அவரிடம் வந்து சேர்ந்தவர் எம்.சி. சாங். சீனாவில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் செம்மறிக் கிடாக்களின் விந்தணுவை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். 1955இல் சாங் ஒரு கேள்வி கேட்டார்: தட்டில் தானாக விழித்த அந்த முட்டைகள் கருவாகுமா? முயலின் கருக்குழாயில் அவற்றை வைத்துப் பார்த்தார். விந்தணு உள்ளே போனது, கருவுறவும் செய்தது. ஆனால் பெரும்பாலானவை கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டன.

எங்கள் பாட்டி வீட்டில் வாழைத்தாரைக் குழியில் இறக்கி மூட்டம் போடுவார்கள். முற்றின தார் என்றால் மூன்றாம் நாள் வாசமே சொல்லிவிடும். அவசரத்துக்கு வெட்டின தாரும் மஞ்சளாகத்தான் ஆகும். தோலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உரித்தால் நடுத்தண்டு கட்டையாக இருக்கும். வெம்பல் என்று பாட்டி மாட்டுத் தொட்டியில் போட்டுவிடுவாள். சாங் அன்று பார்த்தது வெம்பல்தான். நுண்ணோக்கியில் எல்லாம் சரியாக இருக்கிறது: உட்கரு கரைந்திருக்கிறது, குரோமோசோம்கள் பிரிந்து வரிசையில் நிற்கின்றன, பாதியை வெளியே தள்ளிய சின்னப் பொட்டுகூடத் தெரிகிறது. தோல் மஞ்சள். உள்ளே கட்டை.

*

ராபர்ட் எட்வர்ட்ஸை எல்லோருக்கும் தெரியும். 1978 ஜூலை 25, லூயிஸ் பிரவுன், 2010இல் நோபல். அவர் முதலில் படிக்கப்போனது விவசாயம் என்பதும், எடின்பரோவில் விலங்கு மரபியலில் வளர்ந்தவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1965இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே எலி, செம்மறி, பசு, பன்றி, குரங்கு, மனிதர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. இறைச்சிக்கூடத்துச் சினைப்பைகளும், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட பெண்களின் சினைப்பைத் துண்டுகளும் ஒரே மேசையில். எலி முட்டை பன்னிரண்டு மணி நேரத்தில் முதிர்ந்துவிடுகிறது. மனித முட்டையை அதே நேரத்தில் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பார்த்தார், மறுபடியும் இல்லை. வெறுத்துப்போகிற கட்டத்தில்தான் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று தோன்றியிருக்கிறது. மனித முட்டைக்குச் சுமார் 36 மணி நேரம் வேண்டும். மாட்டுக்கு ஒரு நாள். பன்றிக்கு இன்னும் கூட, 40 மணிக்கு மேல்.

1969இல் அவரும் பாவிஸ்டரும் ஸ்டெப்டோவும் தட்டில் முதிர்ந்த மனித முட்டையை அதே தட்டில் கருவுறச் செய்தார்கள். பிறகு? சாங் பார்த்ததையே அவர்களும் பார்த்தார்கள். கரு வளரவில்லை. எட்வர்ட்ஸ் அந்த வழியையே கைவிட்டார். உடலுக்குள்ளேயே முதிர்ந்த முட்டையை லேப்ராஸ்கோப்பில் எடுக்கத் தொடங்கினார். லூயிஸ் பிரவுன் அப்படி வந்தவர்தான். மனித மருத்துவம் இந்த 24 மணி நேரப் புதிரை மாட்டு வைத்தியர்களிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது என்று சொன்னால் ரொம்பத் தப்பாகாது. மாட்டு வைத்தியர்களுக்கு அதை விடமுடியாது. ஊசி போட்டு, அறுவை செய்து ஒரு பசுவிடமிருந்து முட்டை எடுக்கும் செலவுக்கு, இறைச்சிக்கூடத்தில் ஒரு காலையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் சும்மா கிடைக்கின்றன.

கேம்பிரிட்ஜில் மூர், ட்ரவுன்சன் இருவரும் 1977இல் இந்த முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்தார்கள். செம்மறி முட்டையைப் பிடுங்காமல், ஃபாலிக்கிளை முழுசாகவே ஹார்மோன்களோடு வளர்த்து, உள்ளேயே முட்டையை முதிரவைத்தார்கள். அவற்றிலிருந்து ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. ஆக, குறை முட்டையில் இல்லை, அதைச் சுற்றியுள்ள செல்களிடமிருந்து அது எதையோ வாங்கிக்கொள்கிறது.

அதற்கப்புறம் வேகம். ஜப்பானில் இரிதானியும் நிவாவும் 1977இலேயே தட்டில் முதிர்ந்த மாட்டு முட்டையைக் கருவுறச் செய்திருந்தார்கள். 1981 ஜூனில் பென்சில்வேனியாவில் பிராக்கெட் குழுவின் ‘வர்ஜில்’ என்ற கன்று பிறந்தது. ஆனால் அந்த முட்டை முதிர்ந்தது பசுவுக்குள். தட்டிலேயே முதிர்ந்த முட்டையிலிருந்து கன்றுகள் வர 1986 ஆயிற்று, ஜப்பானில் ஹனாடா குழு, அமெரிக்காவில் கிரிட்சர் குழு. அதே சமயம் விஸ்கான்சினில் பாரிஷ் என்பவர் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் காளை விந்தணுவையும் தயார்செய்கிறது என்று காட்டினார். விந்தணுப் பக்கத்துத் தலைவலி அதோடு பெரும்பாலும் தீர்ந்தது. டப்ளினில் இயன் கார்டனும் சீனாவிலிருந்து வந்த லூவும் எல்லாக் கட்டத்தையும் ஆய்வகத்திலேயே முடித்து 1988இல் இரட்டைக் கன்றுகளை அறிவித்தார்கள்.

இந்த முட்டைகள் முதிர்ந்த திரவத்தின் பெயர் மீடியம் 199. இன்றைக்கும் மாட்டு முட்டைகளுக்குப் பல ஆய்வகங்களில் அதுதான். 1950இல் டொரன்டோவில் கோழிக் கரு செல்களை வளர்ப்பதற்காகச் செய்த கலவை. 199ஆவது கலவை என்பதால் அந்தப் பெயர். போலியோ தடுப்பூசிக்கு வைரஸை வளர்க்கவும் இதுதான் உதவியது. மாட்டு முட்டைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அலமாரியில் இருந்தது, எடுத்து ஊற்றினார்கள், வேலை செய்தது. ஹார்மோனும் கன்றின் ரத்தச் சீரமும் சேர்த்து, 38.5 டிகிரி, ஐந்து சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அவ்வளவுதான் சமையல்குறிப்பு.

அந்தக் குறிப்பின்படி செய்தால் இன்றைக்கும் நூறு மாட்டு முட்டையில் 80, 90 முதிர்ந்ததாகத் தெரியும். 70, 80 இரண்டாகப் பிரியும். ஏழு, எட்டு நாள் கழித்துக் கருப்பையில் வைக்கத் தகுந்த பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலைக்கு வருவது 30, 40. மீதியெல்லாம் எங்கே நிற்கின்றன தெரியுமா? பெரும்பாலும் எட்டு செல், பதினாறு செல் நிலையில்.

இதற்குக் காரணம் கட்டுச்சோறு. மாட்டுக் கரு தன் சொந்த மரபணுக்களை முழுமையாக இயக்கத் தொடங்குவது எட்டு முதல் பதினாறு செல் கட்டத்தில்தான். அதுவரைக்கும் அம்மா முட்டைக்குள் கட்டிக்கொடுத்த ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் வைத்து ஓட்டவேண்டும். சினைப்பைக்குள் இருந்திருந்தால், எல்.எச். அலை வருவதற்கு முந்தைய நாட்களில் முட்டை நிதானமாக அந்த மூட்டையைக் கட்டியிருக்கும். நாம் இரண்டு முதல் எட்டு மில்லிமீட்டர் ஃபாலிக்கிளில் ஊசியைக் குத்தி உறிஞ்சி எடுக்கிறோம். பாதி கட்டின மூட்டையோடு பஸ் ஏறிய மாதிரி. பாதி வழியில் பசி.

டப்ளினிலேயே 2002இல் ரிசோஸ், லோனர்கன் முதலானோர் இதை ஓர் அழகான சோதனையில் பிரித்துக் காட்டினார்கள். பசுவில் முதிர்ந்த முட்டை, தட்டில் முதிர்ந்த முட்டை இரண்டையும் எடுத்து, கருவுற்றபின் சிலவற்றைத் தட்டிலும் சிலவற்றைச் செம்மறியின் கருக்குழாயிலும் வளர்த்தார்கள். (ஆம், மாட்டுக் கரு ஆட்டுக்குள் ஒரு வாரம் சமர்த்தாக வளரும்.) எத்தனை கரு தேறும் என்பதை முட்டை முதிர்ந்த இடம் தீர்மானிக்கிறது, தேறிய கரு எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதைப் பிற்பாடு வளர்ந்த இடம் தீர்மானிக்கிறது. பிந்தையது லேசான விஷயமில்லை. 1990களில் சீரம் ஊற்றி வளர்த்த கருக்களிலிருந்து அளவுக்கு மீறிப் பெருத்த கன்றுகள் பிறந்தன. ஈனமுடியாமல் தவித்த தாய்ப்பசுக்கள் எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் வரவில்லை.

*

இப்போது எருமைக்கு வருவோம். மாட்டுக்கே இந்தப் பாடு என்றால் எருமைக்கு?

எருமை வளர்த்த வீடுகளுக்குத் தெரியும். பசு பருவத்துக்கு வந்தால் ஊரைக் கூட்டும். எருமைக்குப் பல சமயம் ஊமைப் பருவம். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சினை ஊசிக்காரருக்கு ஆள் அனுப்புவதற்குள் நாள் தப்பிவிடும், இன்னும் மூன்று வாரம் தீனி தண்டம். ஹார்மோன் கொடுத்து ஒரே சமயத்தில் பல முட்டை வரவைக்கலாம் என்றால், பசுவில் கிடைப்பதில் சிறு பங்குதான் எருமையில் கிடைத்தது. எனவே நல்ல எருமையின் வம்சத்தைப் பெருக்க ஆய்வக முதிர்ச்சி என்பது கூடுதல் வசதியாக இல்லை, கிட்டத்தட்ட ஒரே வழியாக இருந்தது.

அந்த வழியிலும் வறுமை. பசுவின் சினைப்பையில் லட்சத்துக்கு மேல் ஆதி முட்டைகள் இருக்கும் என்றால் எருமைக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம். குடுவையிலிருந்து எடுக்கும் பசுச் சினைப்பை ஒன்றில் பத்து முட்டை எதிர்பார்க்கலாம். எருமையில் சினைப்பைக்கு ஒரு நல்ல முட்டைகூடத் தேறாமல் போகலாம். முட்டையும் கொழுப்பு மிகுந்து இருண்டு இருக்கும், உள்ளே பார்ப்பதே கஷ்டம். கொழுப்பு அதிகமானால் ஆக்சிஜன் கெடுதலும் அதிகம். ஜப்பானில் யோஷிடா பன்றி முட்டைக்குச் சிஸ்டீன் சேர்த்ததும், அர்ஜென்டினாவில் டி மாடோஸ் குழு 1995இல் மாட்டு முட்டைக்குச் சிஸ்டியமின் சேர்த்ததும் இதற்காகத்தான். முட்டை தனக்குள் குளூட்டதையோன் என்ற காப்புப் பொருளைச் சேமித்துக்கொள்ள அது உதவுகிறது. எருமைக்கு அதே உத்தியைச் செய்து பலன் கண்டவர் நேப்பிள்ஸில் பியான்கா காஸ்பரினி. மொசரெல்லா பாலாடைக்கு எருமைப்பால் வேண்டும், அதனால் இத்தாலிக்காரர்களுக்கும் எருமையின் மேல் உண்மையான பாசம்.

அந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டுதான் கர்னால்காரர்கள் பிரதமைப் பிறக்கவைத்தார்கள். பிறகு 2009இல், இறைச்சிக்கூடத்து முட்டைகளில் உட்கருவை நீக்கி, குளோன் எருமைகளையும் பிறப்பித்தார்கள். பிப்ரவரியில் பிறந்த சம்ரூபா ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஜூனில் பிறந்த கரிமா இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. அடுத்து வந்த கரிமா-2, 2013 ஜனவரியில் இயல்பான முறையில் மஹிமாவை ஈன்றது. செய்தித்தாள்கள் எல்லாம் குளோனைப் பற்றி எழுதின. முந்தைய நாள் இரவு முழுக்க இன்குபேட்டரில் இருந்த முட்டையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது முதிராவிட்டால் குளோனும் இல்லை.

*

தூங்கவைக்கும் அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன? பின்கஸின் 1935 கேள்விக்கு முழு விடை 2010 வாக்கில்தான் கிடைத்தது. ஃபாலிக்கிளின் சுவர்ச் செல்கள் சி.என்.பி. என்ற சிறு புரதத்தைச் சுரக்கின்றன. முட்டையை ஒட்டியிருக்கும் க்யூமுலஸ் செல்கள் அதை வாங்கி, நூல் போன்ற கைகளின் வழியே ஒரு சமிக்ஞைப் பொருளை முட்டைக்குள் அனுப்புகின்றன. அதனால் முட்டைக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. குறையாமல் இருக்கிறது. அது குறையாதவரை தூக்கம். ஊசியால் உறிஞ்சியதும் சுரப்பு நின்றுவிடுகிறது, ஏ.எம்.பி. சரிகிறது, முட்டை அலறியடித்து எழுகிறது.

முட்டையும் சும்மா வாங்கிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. ஜி.டி.எஃப்.9, பி.எம்.பி.15 என்று இரண்டு புரதங்களை வெளியே விட்டுச் சுற்றியுள்ள செல்களை அதுவே நடத்துகிறது. நியூசிலாந்தில் ஒரு செம்மறிக் குடும்பத்தில் பி.எம்.பி.15 மரபணு ஒரு பக்கம் கெட்டால் இரட்டைக் குட்டி, இரண்டு பக்கமும் கெட்டால் மலடு என்று 2000இல் கண்டார்கள். அந்தச் சமிக்ஞையைக் கேட்கும் ஏற்பியில் வேறொரு மாற்றம் ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோ ஆடுகளை நான்கு, ஐந்து குட்டி போடவைத்தது. எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1790களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய, சுந்தரவனத்துச் சேற்றில் மேயும் குட்டையான கரோல் ஆடுகளிடமிருந்து. கேட்டால் சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த ஆடுகளை ஓட்டிவந்து விற்றவருக்கு என்ன விலை கிடைத்திருக்கும் என்றும் தோன்றாமலில்லை.

அடிலெய்டில் கில்கிறிஸ்ட் குழு 2010இல் ஒரு வழி சொன்னது. முட்டையை எடுத்ததும் உடனே எழவிடாதே. ஒன்றிரண்டு மணி நேரம் ஏ.எம்.பி.யை உயர்த்திவைத்துத் தூங்கவிடு, கைகள் அறுபடாமல் இருக்கட்டும், கட்டுச்சோற்றின் மிச்சத்தையும் கட்டிக்கொள்ளட்டும், பிறகு எழுப்பு. ஏ.எம்.பி.யை உயர்த்த அவர்கள் பயன்படுத்திய ஒரு மருந்து ஃபோர்ஸ்கோலின். இதை 1970களில் பம்பாயிலிருந்த ஹெக்ஸ்ட் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்தார்கள். மூலிகை எது என்றால் நம் மருந்துக்கூர்க்கன். சேலம், ஆத்தூர்ப் பக்கம் ஒப்பந்த சாகுபடியில் போடுகிறார்களே, அதே கிழங்கு.

முதல் கட்டுரையில் பிளாஸ்டோசிஸ்ட் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. கைதட்டல். பிறகு பல ஆய்வகங்கள் செய்து பார்த்தன, அதே பலன் கிடைக்கவில்லை; சிலருக்குப் பலனே இல்லை. இந்தத் துறையில் இது புதிதல்ல. சினைப்பை வந்த வெயில், மாட்டின் வயது, எண்ணெயின் தரம், எதுவும் கணக்கைக் கவிழ்க்கும். மிசௌரியில் ராபர்ட்ஸ், பிராதர் குழுவினர் 2017இல் பன்றி முட்டைக்கு மூன்று வளர்ச்சிக் காரணிகளைச் சேர்த்துக் குட்டிகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினார்கள். எனக்கு அதில் பிடித்தது, மூன்றில் எதுவும் தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை என்பது.

இதற்கிடையே சந்தை காத்திருக்கவில்லை. 1980களின் முடிவில் உட்ரெக்டில் அல்ட்ராசவுண்ட் ஊசியால் உயிருள்ள பசுவிடமிருந்தே முட்டை எடுக்கும் முறை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓடியது பிரேசில். அங்கே நெலோர் மாடுகள் ஒரு தடவைக்கு அள்ளி அள்ளி முட்டை தருகின்றன. நெலோர் என்பது அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூரேதான். இங்கே ஓங்கோல் என்கிறோம், 1960களின் தொடக்கம் வரை கப்பலில் போயின. தட்டில் உண்டான மாட்டுக் கருக்கள் 2016இல் முதல்முறையாக உலக அளவில் பசுவுக்குள் உண்டாக்கிக் கழுவி எடுத்த கருக்களைவிட எண்ணிக்கையில் முந்தின. முப்பது, நாற்பது சதவீதத்தை வைத்துக்கொண்டே இவ்வளவும்.

எட்வர்ட்ஸ் கைவிட்ட வழியில் மனித மருத்துவமும் திரும்பி வந்துவிட்டது. சினைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ள பெண்களுக்குப் பெரிய அளவில் ஹார்மோன் ஊசி ஆபத்து. அவர்களுக்காக பிரஸ்ஸல்ஸிலும் ஹோ சி மின் நகரிலும், சி.என்.பி.யில் ஒரு நாள் தூங்கவைத்துப் பிறகு முதிரவைக்கும் முறையைச் செய்தார்கள். கில்கிறிஸ்டும் அதில் உண்டு. வியட்நாமில் அந்தக் குழந்தைகள் இப்போது ஓடியாடிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் புதிய கலவைகள் ஒவ்வொன்றையும் எருமைக்கு ஏற்றமாதிரி மாற்றிப் பார்க்கவேண்டும். விலையுயர்ந்த முர்ரா எருமையின் முட்டையில் அதை முதலில் செய்துபார்க்க யாருக்கும் மனசு வராது. அதனால் காலையில் யாராவது ஒருவர் இறைச்சிக்கூடத்துக்குத் தெர்மாஸ் குடுவையோடு போகவேண்டியிருக்கிறது.